க்ளப் ஆண்டு விழா: மேடை யாருக்கு?

எண்எட்டு

எல்லோருக்கும் வணக்கம். போன சீசன் வரை களத்தில் ஆடிக்கொண்டிருந்தேன். இந்த வருஷம் க்ளப் தலைவர் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். சம்பளம் வாங்குகிற ஆள் ஒருவர்கூட இல்லாத ரக்பி க்ளப் எங்களுடையது. கோச்சிலிருந்து மைதானத்தில் கோடு போடுபவர் வரை எல்லோரும் சொந்த வேலை, குடும்பம் போக மிஞ்சிய நேரத்தில் வருகிறவர்கள்தான்.

ஆண்டு விழா பற்றிப் பேச கமிட்டி கூடியது. வழக்கமான பட்டியல்: சிறந்த ஆட்டக்காரர், அதிக ட்ரை (எதிரணியின் கோல் பகுதியில் பந்தைத் தரையில் ஊன்றிப் புள்ளி எடுப்பது), சிறந்த இளம் வீரர், ஒரு சிறப்பு விருந்தினர், கடைசியில் குரூப் போட்டோ. அதைப் படித்தபோதே உறுத்தியது. மேடை ஏறப்போகிற எல்லோரும் முதல் அணிக்காரர்கள். ஆட்டம் அன்று எல்லோருக்கும் முன்னால் வந்து கம்பத்துக்கு மெத்தை கட்டுகிறவர், சேறு அப்பிய ஜெர்சிகளை மூட்டையாக வீட்டுக்குத் தூக்கிப்போய்த் துவைத்து எண் வரிசைப்படி மடித்துக் கொண்டுவருகிறவர், ஆள் குறைந்தால் இரண்டாம் அணியிலிருந்து மேலே வந்து ஆடிவிட்டு அடுத்த வாரம் மறுபேச்சில்லாமல் கீழே போகிறவர், இவர்கள் யாருமே அதில் இல்லை.

விழாவில் யார் பெயரைச் சொல்கிறோமோ, அடுத்த வருஷம் அந்த மாதிரி ஆட்கள்தான் க்ளப்பில் பெருகுவார்கள் என்று நம்புகிறேன். ட்ரை போட்டவரை மட்டும் கொண்டாடினால் ட்ரை போட ஆள் வரும், கோடு போட வராது. கமிட்டியில் இதைச் சொன்னபோது, "அதையெல்லாம் மேடையில் சொன்னா யாரு உட்கார்ந்து கேப்பாங்க?" என்றார்கள்.

நீங்கள் உங்கள் க்ளப்பில் எப்படிச் செய்கிறீர்கள்? நடத்துவது பற்றியும் சொல்லுங்கள். தலைவர் என்றால் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுக்கொண்டு செய்வது என்று இங்கே பழகிவிட்டது. அதை மாற்ற நினைக்கிறேன்.

முன்வரிசை

தம்பி, நல்ல கேள்வி. நான் டைட்ஹெட் ப்ராப், அதாவது முன்வரிசையின் வலது ஓரத்தில் நின்று முட்டுகிறவன். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

அதிக ட்ரை விருதை எப்போதும் ஓரத்தில் ஓடுகிற விங்கர்தான் வாங்குவார். வாங்கட்டும், அவர் ஓட்டம் அவருடையது. ஆனால் பந்து அவர் கைக்கு எப்படிப் போகிறது என்று பாருங்கள். நடுவர் "க்ரவுச், பைண்ட், செட்" என்று சொன்னதும் இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் தோள் கோத்து முட்டுகிறார்கள், அதுதான் ஸ்க்ரம். டைட்ஹெட்டின் தலை எதிரணி முன்வரிசையின் நடு ஆளான ஹூக்கருக்கும் அவர்களுடைய இடது ஓரத்து லூஸ்ஹெட்டுக்கும் நடுவில் சிக்கியிருக்கும். பின்னால் இரண்டாம் வரிசை லாக்கின் தோள் இடுப்புக்குக் கீழே தள்ளும், முன்னால் எதிரணியின் மொத்த எடையும் கழுத்தில் இறங்கும். அப்போது முதுகை வளையவிடாமல், காலைப் பின்னால் நழுவவிடாமல் இரண்டு மூன்று விநாடி நின்றால்தான் ஹூக்கர் பந்தைக் காலால் பின்னுக்கு இழுக்க முடியும். அந்த இரண்டு மூன்று விநாடிக்குக் கைதட்டல் கிடையாது. கூட்டத்தில் பாதிப் பேருக்கு அங்கே என்ன நடந்தது என்றே தெரியாது.

இன்னொன்று. 23 பேர் கொண்ட அணி என்றால் முன்வரிசையில் ஆடப் பயிற்சி பெற்றவர்கள் 6 பேர் இருக்க வேண்டும் என்பது விதி. அடிபட்டவருக்குப் பதில் இறங்கத் தகுதியான ஆள் இல்லையென்றால் நடுவர் தள்ளில்லாத ஸ்க்ரம் என்று அறிவித்துவிடுவார். இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு நிற்கும், தள்ளு கிடையாது, பந்து போட்டவர்களுக்கே பந்து. ஆட்டத்தின் உயிரே போய்விடும். அப்படி ஆகாமல் இருக்க, பத்து நிமிஷம்கூடக் களம் காணாமல் போகலாம் என்று தெரிந்தே வாராவாரம் பெஞ்சில் உட்கார வருகிற ஒரு ப்ராப் எல்லா க்ளப்பிலும் இருப்பார். உங்கள் க்ளப்பில் அவர் யார் என்று கண்டுபிடியுங்கள். முதல் விருதை அவருக்குக் கொடுங்கள்.

பதினொன்று

அண்ணன் சொல்வது புரிகிறது, ஆனாலும் ஒரு விங்கராக என் பங்குக்கு. அதிக ட்ரை விருதை எடுத்துவிடாதீர்கள். புதிதாக ரக்பிக்கு வருகிற பதினாறு பதினேழு வயசுப் பையனுக்கு ஸ்க்ரம் நுணுக்கம் தெரியாது. ஒருத்தன் ஓரத்தில் ஓடி மூலையில் பந்தை ஊன்றுவதைப் பார்த்துத்தான் வருகிறான். நானும் அப்படி வந்தவன்தான். அவனுக்கு எட்டிப்பிடிக்க ஒரு இலக்கு வேண்டும். ட்ரை எண்ணிக்கை யாரும் மறுக்க முடியாத கணக்கு, அதில் கமிட்டியின் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை. "சிறந்த உழைப்பாளி" மாதிரி விருதுகளில்தான் வேண்டியவர், வேண்டாதவர் பிரச்சினை வரும்.

எண்எட்டு

@பதினொன்று, நியாயம். அந்த விருது இருக்கட்டும். வேண்டியவர் வேண்டாதவர் பிரச்சினைக்கு என்ன வழி என்று யாராவது சொல்லுங்கள்.

ஒன்பது

எங்கள் க்ளப்பில் நடப்பது இது. தொண்டர் விருதைக் கமிட்டி முடிவு செய்யாது. கடைசி மூன்று ஆட்டங்களுக்கு முன்பு எல்லா அணி வீரர்களிடமும் ஒரு துண்டுச் சீட்டு கொடுப்போம். ஒரே கேள்விதான்: "இந்த சீசனில் உனக்காக யாராவது கேட்காமலே ஒன்று செய்தார்களா? யார், என்ன?" பெயர் மட்டும் எழுதினால் ஏற்க மாட்டோம், செய்ததையும் எழுத வேண்டும். விழாவில் அந்தச் சீட்டுகளைத்தான் வாசிக்கிறோம். "ஆட்டம் முடிஞ்சு கடைசி பஸ்ஸை விட்டேன், வீட்டு வாசல்ல இறக்கிவிட்டார்." "மவுத்கார்டு மறந்துட்டேன்னு எனக்காக எப்பவும் பையில ஒண்ணு வெச்சிருப்பாங்க." மேடையில் சொன்னால் யார் கேட்பார்கள் என்று உங்கள் கமிட்டி கேட்டதே, இதை வாசிக்கும்போது ஒருவர்கூட போனைப் பார்ப்பதில்லை.

கணக்கு

பொருளாளர் என்ற முறையில் என் கவலை பணம். விழா முடிந்து மறுநாள் கணக்கைப் பார்த்தால் முதலுதவிப் பெட்டிக்குப் பணம் இல்லை என்கிற நிலைமை பல க்ளப்களில் இருக்கிறது. முதலில் காப்பீடு, கம்பத்து மெத்தை, முதலுதவி, பந்து, நடுவர் செலவு. இதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு மீதியில் கோப்பை வாங்குங்கள்.

கொண்டாட்டமே வருமானமாகவும் இருக்க முடியும். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ரக்பி பிறந்ததே அப்படித்தான். 1883-ல் ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் க்ளப்புக்குப் பணத் தட்டுப்பாடு. அங்கே ஆடிக்கொண்டிருந்த நெட் ஹெய்க் என்ற இறைச்சிக் கடைக்காரர், ஒரே நாளில் பல அணிகளை வரவழைத்து விளையாட்டு விழா நடத்தலாம் என்று யோசனை சொன்னார். 15 பேர் ஆட்டத்தை ஒரே மதியத்தில் பலமுறை நடத்த முடியாதே! ஆளைக் குறைத்தார்கள், நேரத்தையும் குறைத்தார்கள். ஒரு சின்ன க்ளப் தன் கஜானாவைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த ஏற்பாடு 2016-ல் ரியோ ஒலிம்பிக்ஸ் வரை போனது.

ஆகவே மண்டபம், மேடை, விருந்தினர் என்று போவதற்குப் பதில் ஒரு செவன்ஸ் நாள் வையுங்கள். பாதிக்கு 7 நிமிஷம், இடையில் 2 நிமிஷ ஓய்வு. ஒரே மைதானத்தில் ஆண்கள், பெண்கள், பழைய ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஆடலாம், ஓரத்தில் குழந்தைகளுக்கு, ஆளை இடிக்காமல் இடுப்பு நாடாவைப் பிடுங்கி ஆடும் டேக் ரக்பி. அணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்கலாம். சாயங்காலம் அதே மைதானத்தில் விருது. அன்றைய வரவு செலவைத் தட்டச்சு செய்து அடுத்த வாரமே அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கணக்கைக் கேட்காமலே காட்டுகிற க்ளப்புக்கு உதவ ஆள் தானாக வரும்.

விசில்

விழாவுக்கு நடுவர்களைக் கூப்பிடுகிறீர்களா? நான் விசில் ஊதும் பகுதியில் பெரும்பாலான க்ளப்கள் கூப்பிடுவதில்லை. சீசன் முழுக்க அவர்கள் மைதானத்தில் ஓடியிருப்போம், விழா நடந்ததே போட்டோவைப் பார்த்துத்தான் தெரியவரும்.

களத்துக்குள் ரக்பியின் மரியாதை இன்னும் பெரிதாகக் கெடவில்லை. நடுவரிடம் கேப்டன் மட்டும்தான் பேசுவார், மற்றவர்கள் வாய் திறந்தால் பெனால்ட்டி. பிரச்சினை கோட்டுக்கு வெளியே. அண்டர்-12 ஆட்டத்தில் ஒரு அப்பா அரைமணி நேரம் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இரண்டு கமிட்டி உறுப்பினர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அன்று உதவி நடுவராகக் கொடி பிடித்த பையன் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

தலைவராக நீங்கள் செய்யக்கூடிய பெரிய காரியம் இதுதான் என்பேன். ஆட்டம் நடக்கும்போது விருந்தினரோடு உட்காராதீர்கள். உங்கள் க்ளப் பெற்றோர் நிற்கிற கோட்டோரமாக நடந்துகொண்டே இருங்கள். குரல் உயர்ந்தால் தோளில் கை போட்டு நாலடி தள்ளிக் கூட்டிப்போய், "இங்க இப்படிப் பேசறது கிடையாது" என்று சொல்லுங்கள். தலைவரே வந்து சொன்னார் என்பது ஒரே வாரத்தில் எல்லோருக்கும் போய்ச் சேரும்.

பன்னிரண்டு

பெண்கள் அணியிலிருந்து எழுதுகிறேன். எண்எட்டு அண்ணா, உங்கள் பட்டியலில் எங்கள் அணி எந்த இடத்தில் வருகிறது என்று நீங்கள் சொல்லவில்லை. நான் ஆடிய க்ளப்பில் பெண்கள் விருது கடைசியில், ஸ்பான்சர்களுக்கு நன்றி சொன்ன பிறகு. அதற்குள் பாதிக் கூட்டம் எழுந்து போயிருக்கும். ஆண்கள் அணி கழித்துப்போட்ட ஜெர்சிதான் எங்களுக்கு வரும். தோள் தொங்கும், கை முழங்கைக்குக் கீழே இறங்கும். பந்தோடு ஓடுகிறவரைப் பிடித்து வீழ்த்தும் டேக்கிளில் எதிராளி பிடித்து இழுக்க அந்தத் தொளதொள துணியே வசதி. இது வெறும் அழகு விஷயமில்லை, ஆட்டமே அதனால் கெடுகிறது.

பெண்கள் ரக்பிக்கு யாரும் மேடை போட்டுக் கொடுக்கவில்லை. 1991-ல் முதல் பெண்கள் உலகக் கோப்பையை வேல்ஸில் நடத்தியது எந்தப் பெரிய நிறுவனமும் இல்லை, லண்டனின் ரிச்மண்ட் க்ளப்பைச் சேர்ந்த நாலு பெண்கள். உலக ரக்பி வாரியத்தின் அங்கீகாரம்கூட அப்போது கிடையாது. 12 அணிகள் வந்தன. இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா 19-6 என்று இங்கிலாந்தை வென்றது. அந்த நால்வரில் ஒருவரான டெபோரா கிரிஃபின் 2025-ல் இங்கிலாந்து ரக்பி யூனியனின் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். ஒரு க்ளப்பில் ஆட்ட அட்டவணை போட்டு, பஸ் பிடித்து, கணக்கு எழுதிய அனுபவம் ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று பாருங்கள்.

எங்கள் கோரிக்கை சின்னது. விருதுகளை ஆண்கள், பெண்கள் என்று பிரித்து முன்னும் பின்னும் வைக்காமல் கலந்து கூப்பிடுங்கள். அளவான ஜெர்சி கொடுங்கள். முதன்மை மைதானத்தில் நல்ல நேரத்து ஆட்டம் மாதம் ஒன்றாவது எங்களுக்கு ஒதுக்குங்கள்.

எண்எட்டு

@பன்னிரண்டு, நன்றி தங்கச்சி. கலந்து கூப்பிடுவது என்று முடிவாகவே எடுத்துக்கொள்கிறேன். ஜெர்சி விஷயத்தை இந்த வாரமே பொருளாளரிடம் பேசுகிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, விழாவில் குடி. பெற்றோர் சிலர் அதனாலேயே பிள்ளைகளை அனுப்புவதில்லை. இரண்டு, பழைய ஆட்டக்காரர்கள் மேடையேறினால் "அந்தக் காலத்தில் தலையில் அடிபட்டு, எங்கே நிற்கிறேன் என்றே தெரியாமல் ஆடி முடித்தேன்" என்று பெருமையாகச் சொல்வார்கள். பையன்கள் கைதட்டுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை, ஆனால் பெரியவர்களை எப்படித் தடுப்பது?

முதலுதவி

இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நான் களத்தோரம் பையோடு நிற்கிறவள்.

தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே அந்த ஆட்டக்காரர் வெளியே வர வேண்டும், அன்று மறுபடி இறங்கக் கூடாது. நிச்சயமாகத் தெரியும் வரை காத்திருப்பது கிடையாது, சந்தேகமே போதும். பொது க்ளப் மட்டத்தில், ஆட்டத்தின் உலக அமைப்பான வேர்ல்ட் ரக்பி சொல்லும் வழிமுறைப்படி 21 நாளைக்கு முன்னால் ஆட்டத்துக்குத் திரும்பக் கூடாது. அதுவும் படிப்படியாக, அறிகுறி எதுவும் இல்லாமல் இருந்தால் மட்டும். 2023-ல் டேக்கிள் உயரத்தை மார்பெலும்புக்குக் கீழே இறக்கச் சொன்னதும் தலைகள் மோதாமல் இருக்கத்தான்.

விதி எல்லோருக்கும் தெரியும். ஆனால் அரையிறுதி, ஐந்து நிமிஷம் பாக்கி, ஆட்டத்தை வழிநடத்துகிற ஃப்ளை ஹாஃப் கண்ணைக் கசக்கிக்கொண்டு "எனக்கு ஒண்ணுமில்லக்கா" என்று சொல்கிறான். அப்போது கேப்டன் என்னைப் பார்ப்பார், கோச் என்னைப் பார்ப்பார், கோட்டோரம் நிற்கிற எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். அந்த நிமிஷத்தில் தலைவர் என் பக்கத்தில் வந்து நின்று, "அக்கா சொன்னா சொன்னதுதான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லாவிட்டால் நான் தனி ஆள்.

பெரியவர்களைத் தடுக்க வேண்டாம். அவர்கள் ஆடிய காலத்தில் யாரும் அவர்களைக் காப்பாற்றவில்லை, அதைச் சொல்ல அவர்களுக்கு உரிமை இருக்கிறது. அந்தப் பேச்சுக்கு அடுத்தபடியாகவே, இந்த சீசனில் தலை சுற்றுகிறது என்று தானாகக் கையைத் தூக்கி வெளியே வந்த ஆட்டக்காரரை மேடைக்குக் கூப்பிடுங்கள். அவரால் நாம் ஒரு ஆட்டம் தோற்றிருக்கலாம். அதையும் சேர்த்தே சொல்லிக் கைதட்டுங்கள். பையன்களுக்குப் புரியும்.

ஒன்பது

குடி பற்றி: மைதானத்தில் பகலில் நடக்கிற விழாவில் வேண்டாம். பெரியவர்கள் பிறகு தனியாக எங்கே போனாலும் அது அவர்கள் பாடு. ஆட்டத்துக்குப் பிறகு இரண்டு அணியும் சேர்ந்து உட்காருகிற வழக்கத்தை, மூன்றாவது பாதி என்கிறார்களே, அதை விட்டுவிடாதீர்கள். எண்பது நிமிஷம் இடித்துக்கொண்ட ஆளோடு ஒரே மேசையில் சாப்பிடுவதில்தான் ரக்பியின் பாதி இருக்கிறது. அதற்குச் சாப்பாடு போதும்.

பழைய லாக்

இந்த இழையைத் தாமதமாகத்தான் பார்த்தேன். முழங்கால் இரண்டும் போய்விட்டன, இப்போது மைதானத்துக்கு நாற்காலியோடு போகிறவன். முதலுதவி அம்மா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். எங்கள் தலைமுறை இரண்டு மூன்று நல்ல ஆட்டக்காரர்களை அந்த வீராப்பில் இழந்தது.

நான் கேட்க வந்தது பெயர்கள் பற்றி. உங்கள் க்ளப்பின் முதல் அணியில் யார் யார் ஆடினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? பெரும்பாலான க்ளப்பில் கிடையாது. சுவரில் போட்டோ இருக்கும், பின்வரிசையில் நிற்பது யார் என்று சொல்ல ஒருவர் உயிரோடு இருப்பார், அவரும் போனால் அவ்வளவுதான்.

கல்கத்தா கதை தெரியுமா? 1873-ல் அங்கே ஒரு ரக்பி க்ளப் தொடங்கினார்கள். நாலைந்து வருஷத்தில் போலோவும் டென்னிஸும் ஆட்களை இழுத்துக்கொண்டன, க்ளப் நொடித்தது. மிச்சமிருந்தவர்கள் வங்கியிலிருந்த பணத்தை வெள்ளி ரூபாயாக எடுத்து, உருக்கி, ஒரு கோப்பை செய்தார்கள். மூன்று நாகப்பாம்பு கைப்பிடி, மூடி மேல் ஒரு யானை. அதை இங்கிலாந்து ரக்பி யூனியனுக்குக் கொடுத்தார்கள். 1879-லிருந்து இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அந்தக் கோப்பைக்காகத்தான் மோதுகின்றன. க்ளப் ஆறு வருஷம்கூட ஓடவில்லை, பெயர் நூற்றைம்பது வருஷமாக நிற்கிறது. கலைக்கும்போதும் மிச்சப் பணத்தைப் பங்கு போட்டுக்கொள்ளாமல் ஆட்டத்துக்கே கொடுத்தார்களே, அந்த மனசு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இன்னொரு வழக்கமும் பிடிக்கும். 1890-ல் தொடங்கிய பார்பேரியன்ஸ் அணிக்கு சொந்த மைதானம் இல்லை, க்ளப் கட்டடம் இல்லை, அழைப்பின் பேரில் ஆடுகிறவர்கள். எல்லோருக்கும் கறுப்பு வெள்ளைப் பட்டை ஜெர்சி. ஆனால் காலுறை மட்டும் அவரவர் சொந்த க்ளப்புடையது. எவ்வளவு பெரிய ஆட்டக்காரரானாலும் தன்னை வளர்த்த க்ளப்பின் நிறத்தோடுதான் இறங்குகிறார். உங்கள் விழாவில் பழையவர்கள் ஆட்டம் வைத்தால் இதைச் செய்து பாருங்கள், அவரவர் ஆடிய காலத்துக் காலுறையோடு வரச் சொல்லுங்கள். வீட்டில் பெட்டிக்கு அடியில் எல்லோரும் வைத்திருப்பார்கள்.

முன்வரிசை

ஐயா, நீங்கள் எழுதிய பிறகு எங்கள் க்ளப்பின் பழைய போட்டோவை எடுத்து வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் எல்லாப் பெயரும் வந்துவிட்டன, ஒன்றைத் தவிர. அதற்காக மூன்று பேர் பழைய ஆட்களுக்குப் போன் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கணக்கு

தலைவர் எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்வது பற்றி முதல் பதிவில் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. என் பார்வை: ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பெயர் எழுதுங்கள், செய்கிறவர் ஒருவர், கற்றுக்கொள்கிறவர் ஒருவர். கோடு போடும் இயந்திரம் எங்கே இருக்கிறது, மைதான அனுமதி யாரிடம் வாங்குவது, வீரர் பதிவு எப்போது முடிகிறது என்பதெல்லாம் ஒரே ஆளின் தலைக்குள் இருந்தால், அவர் ஊர் மாறிய அன்று க்ளப் படுத்துவிடும். அப்படிப் படுத்த க்ளப்களைப் பார்த்திருக்கிறேன். நீங்களும் எத்தனை வருஷம் பதவியில் இருப்பீர்கள் என்பதை இப்போதே அறிவித்துவிடுங்கள். அடுத்து வருபவரைத் தேட எல்லோருக்கும் அவகாசம் கிடைக்கும்.

பதினொன்று

ஒரு விஷயம் சேர்க்கட்டும். இரண்டாம் அணி கேப்டனைக் கமிட்டியில் உட்கார வையுங்கள். அங்கேதான் ஆட்கள் சத்தமில்லாமல் நழுவுவார்கள். முதல் அணிக்கு ஆள் குறைந்தால் கடைசி நேரத்தில் இவரிடமிருந்து நாலு பேரை எடுப்பார்கள், இவர் பதினோரு பேரோடு வெளியூர் போய் நிற்பார். அந்த முடிவு எடுக்கும்போது அவர் அறையில் இருக்க வேண்டும்.

எண்எட்டு

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. நேற்று கமிட்டியில் இந்த இழையை அப்படியே வாசித்தேன். முடிவானவை:

மண்டபம் இல்லை. செவன்ஸ் நாள், மைதானத்திலேயே விருது. அதிக ட்ரை விருது தொடர்கிறது, ஆண்கள் பெண்கள் விருதுகளைக் கலந்து கூப்பிடுகிறோம். ஒன்பது சொன்ன துண்டுச் சீட்டு இந்த வாரமே விநியோகம். நடுவர்களுக்கு குடும்பத்தோடு அழைப்பு. இரண்டாம் அணி கேப்டன் அடுத்த கூட்டத்திலிருந்து கமிட்டியில். என் பொறுப்பு இரண்டு சீசன், அதற்கு மேல் இல்லை.

சிறப்பு விருந்தினர் விஷயத்தில்தான் இழுபறி. ஸ்பான்சருக்காகவாவது ஒருவர் வேண்டும் என்று இரண்டு பேர் பிடிவாதமாக இருக்கிறார்கள். விருந்தினர் வரட்டும், கோப்பையைக் கொடுப்பது அவர் இல்லை, ஜெர்சி துவைப்பவர் கொடுக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மறுபடி கூடுகிறோம்.

@விசில், நடுவர்களுக்கு அனுப்பும் அழைப்பை நீங்கள் ஒருமுறை பார்த்துத் திருத்தித் தர முடியுமா?

விசில்

அனுப்புங்கள் தம்பி, பார்த்துத் தருகிறேன். அன்றைய செவன்ஸ் ஆட்டங்களுக்கு விசில் ஊதவும் நான் வருகிறேன். கொடி பிடிக்க இளம் நடுவர்கள் ரெண்டு பேரைக் கூட்டி வரலாமா? அண்டர்-12 ஆட்டங்களை அவர்களிடம் கொடுத்துவிட்டு நான் ஓரத்தில் நிற்கிறேன், பெற்றோர் பக்கம் நீங்கள் நில்லுங்கள்.

எண்எட்டு

தாராளமாக வரட்டும் சார். அவர்கள் ஜெர்சி அளவையும் சொல்லிவிடுங்கள், எங்களுக்குத் தைக்கும்போதே சேர்த்துத் தைக்கச் சொல்கிறேன்.